பார்சலா அக்கா?

மதுரையில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஆண்களைக் கேளுங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாகச் சொல்வார்கள். எந்தச் சந்துக்குள் திரும்ப வேண்டும், எந்தக் கடையில் சுக்கா ஏழு மணிக்கே தீர்ந்துபோகும், எந்த மாஸ்டர் லீவு போட்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எனக்கும் அதே கடைகள் தெரியும். அவற்றின் கறிதோசையும் கலக்கியும் தெரியும். ஆறிப்போன பிறகு அவை எப்படி இருக்கும் என்ற விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் கிடையாது.

நான் ஒரு கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் சிம்மக்கல் பக்கம், வீடு நாகமலை புதுக்கோட்டையில். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, தொண்டை வறண்டு, டவுன் பஸ்ஸுக்கு வந்து நிற்கும்போது வயிறு கபகபவென்று எரியும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்காரர்கள் கல்லைக் கழுவி அடுப்பைப் பற்றவைப்பார்கள். காய்கிற கல்லில் முதல் எண்ணெய் விழுகிற வாசனை பஸ் நிறுத்தம் வரைக்கும் வரும். வெங்காயம் வெட்டுகிற சத்தம் கேட்கும். பொறுக்க மாட்டாமல் ஒரு கடை வாசலில் காலை வைத்தால் போதும், உள்ளேயிருந்து ஒரு குரல் பாய்ந்து வரும்.

"பார்சலா அக்கா?"

எனக்கு முன்னால் நுழைந்தவனிடம் அதே குரல், "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே, இலை போடவா?" என்று கொஞ்சியிருக்கும். அவனும் பசித்து வந்தவன், நானும் பசித்து வந்தவள். அவனுக்கு இலை, எனக்குப் பொட்டலம். அதைக் கேட்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எரிச்சலில் பெரிய எரிச்சல். முகத்தில் அவ்வளவு பணிவு இருக்கும். எனக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் நான் நிற்கக் கூடாதாம், வெயில் பட்டுவிடுமாம், சீக்கிரம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டுமாம்.

எல்லாச் சாப்பாட்டுக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பருத்திப்பால் வண்டியில் யாரும் எங்களை விரட்டுவதில்லை. சாயங்காலம் தள்ளுவண்டியைச் சுற்றிப் பெண்களும் நின்று, சுக்கும் கருப்பட்டியும் மணக்கிற பாலை டம்ளரில் ஊதி ஊதிக் குடிக்கலாம். முள்ளுமுருங்கை வடை போடுகிற இடத்திலும் நிற்கலாம். பச்சைப் பசேலென்று எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில், மிளகுப்பொடி தூவி, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். ஜிகர்தண்டாவுக்குக் குடும்பம் குடும்பமாகவே போகலாம். ஆனால் கல்லில் ஒரு முட்டை உடைந்து விழுந்தால் போதும், கறி ஒரு துண்டு பட்டால் போதும், அந்தக் கடை ஆண்கள் கடை ஆகிவிடும். இதை யார் எழுதி வைத்தது, எந்தச் சபையில் கூடிப் பேசி முடித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் அந்தக் கறியை அலசுவது, மசாலா அரைப்பது, வேகவைப்பது எல்லாம் யார் என்று கேட்டால் மட்டும் ஊரே எங்களைக் கை காட்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில் திருவாதவூர்ப் பக்கம் இருந்தேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு அம்மா இட்லி அவித்து விற்பார். நடவுக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "ஏத்தா, சட்னிய என்ன எண்ணி எண்ணி ஊத்துற? நல்லா ஊத்து" என்று அதட்டிச் சாப்பிடுவார்கள். பக்கத்திலேயே டிராக்டர்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு டவுனுக்கு மாற்றல் கிடைத்தபோது, "கொடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க, இனிமே வசதிதான்" என்று எல்லோரும் வாழ்த்தி அனுப்பினார்கள். வந்த வசதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கணவருக்கு அலுவலகம் வடக்கு மாசி வீதிப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு சிம்மக்கல் சந்துக்குள் இருக்கிற ஒரு பாய் கடையில் சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு கறிதோசை கட்டிக்கொண்டு வருவது அவர் வழக்கம். கல்யாணமான புதிதில் அதை நான் பிரியம் என்றே எடுத்துக்கொண்டேன். பிரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோசை காளவாசல் சிக்னலில் நின்று, தேனி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து, ஸ்கூட்டர் கொக்கியில் ஆடி ஆடி வீடு வந்து சேரும்போது என்ன கதியில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கல்லில் இருக்கும்போது அதன் ஓரம் மொறுமொறுவென்று இருக்குமாம். மேலே முட்டை ஊற்றி, கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு எடுக்கும்போது கறியின் ஓரம் லேசாகத் தீய்ந்து ஒரு மணம் வருமாம். இதெல்லாம் அவர் சொல்லக் கேட்டது. எனக்கு வந்தது வேர்த்துப்போன வாழை இலைக்குள் நாலாக மடங்கி, ஓரம் நடு என்ற பேதமே இல்லாமல் தொளதொளத்துக் கிடந்த ஒன்று. கூடவே நூல் போட்டு இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கவரில் சால்னா. அந்த முடிச்சை அவிழ்க்கிறதுக்குள் பசியே போய்விடும்.

கலக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முட்டையை அடித்து, ஒரு கரண்டி சால்னாவை விட்டு, கல்லில் ஊற்றி, பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும்போதே சுருட்டித் தட்டில் தள்ளுகிற சமாச்சாரம் அது. வாயில் போட்டால் கரைய வேண்டும். அதைப் பொட்டலம் கட்டினால் அந்தச் சூட்டிலேயே உள்ளே வெந்து கெட்டியாகிவிடும். கலக்கி பார்சல் என்று ஒன்றை இந்த ஊர் கண்டுபிடித்ததே எங்களை வீட்டில் உட்காரவைக்கத்தான் என்று சில நாள் எனக்குத் தோன்றியிருக்கிறது.

"ஒரு நாள் என்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது லேடீஸ் வர்ற கடை இல்லப்பா" என்றார்.

"ஏன், எங்களுக்குப் பல்லு இல்லையா?"

"சொன்னாப் புரியாது ஒனக்கு. அங்க லோடுமேன், மார்க்கெட்காரன்னு ஒரே கூட்டமா இருக்கும். நல்ல ஹோட்டலா ஏசியில கூட்டிட்டுப் போறேன், வா."

ஏசியில் கூட்டிக்கொண்டுபோய் நாண் வாங்கிக் கொடுத்தார். நான் நாணா கேட்டேன்?

ஒரு தடவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடையில் வீம்புக்கு நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சப்ளையர் ஓடி வந்து, "அக்கா, மேல ஃபேமிலி ரூம் இருக்குக்கா" என்றார். "நான் ஒரு ஆளுதான். ஃபேமிலி இல்லை" என்றேன். "பரவால்லக்கா, போங்க, ஃபேன் போட்டு விடுறேன்" என்று படியைக் காட்டினார். மேலே போனேன். ஒரு பக்கம் வெங்காய மூட்டை, ஒரு பக்கம் காலி சிலிண்டர், நடுவில் பூப்போட்ட ரெக்ஸின் விரித்த ஒரு மேஜை. ஃபேன் போட்டார்கள், சுற்றவில்லை. கீழே சுட்ட பரோட்டா படியேறி என்னிடம் வருவதற்குள் விறைத்துவிட்டது. பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைக்கப் பார்த்தால் சால்னாவும் ஆறிக்கிடந்தது. மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். ஃபேமிலிக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை அதுதான்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. போன வருஷம் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற கடைக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். கூடவே கேமராவோடு இரண்டு பையன்கள். மதுரையில் சாப்பிட்டே ஆக வேண்டிய இடங்கள் என்று படம் எடுக்கிறார்களாம். முதலாளியே இறங்கி வந்து பெஞ்சைத் துடைத்து, கல்லுக்கு நேரே அவளை உட்காரவைத்தார். அவள் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "வேற லெவல்" என்றாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நல்லது, அவள் சாப்பிடட்டும், அவள் மேல் எனக்கு என்ன கோபம்? அவள் போன பிறகு நான் போய் அதே பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். அதே முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்த முகமாக, "பார்சலா அக்கா?" என்றார். கேமரா இருந்தால் பெண் பெஞ்சில் உட்காரலாம் என்ற சட்டம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இனி என் சிநேகிதியைப் பற்றி. எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர். என் கணவர் சாப்பிடுகிற அதே பாய் கடை இருக்கிற சந்தில்தான் அவள் பிறந்தாள். அதே சந்துக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டு, கணவரைப் பறிகொடுத்து, பிள்ளையையும் வளர்த்து ஆளாக்கினாள். அவள் வீட்டு மாடியில் நின்றால் கடையின் புகை தெரியும். கொத்துப் பரோட்டா போடுகிற சத்தத்தை வைத்தே இன்று மாஸ்டர் யார் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் அந்தக் கடைக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. சின்ன வயதில் அத்தா வாங்கி வருவார், பிறகு அண்ணன்மார், பிறகு கணவர், பிறகு மகன். எழுபது எட்டு எடுத்து வைத்தால் கடை. அந்த எழுபது எட்டையும் தாண்டி எல்லாம் பொட்டலமாகத்தான் அவளுக்கு வந்தது.

அவள் இந்த வருஷம் ஓய்வு பெற்றாள். பெங்களூரில் இருக்கிற மகன், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லிவிட்டான். எங்கள் பள்ளிக்கூடத்தில் வழக்கம்போல ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்துப் பேசி முடித்தார்கள். கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு வெளியே நடந்து வந்தவள் சட்டென்று நின்றாள்.

"டீச்சர், இதை வச்சு நான் என்ன பண்ண? எனக்கு ஒரு கலக்கி வேணும்."

"வாங்கித் தாரேன்."

"வாங்கித் தர்றது இல்ல. கல்லுக்கு முன்னாடி உக்காந்து சாப்பிடணும். பெங்களூரு போய்ட்டா அப்புறம் எங்க வர? வீடே இருக்காது. ஒரே ஒரு நாள். தனியாப் போகக் கூச்சமா இருக்கு. நீங்க வாரீங்களா?"

இதைக் கேட்கிற ஆள் லேசுப்பட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் குரலைக் கேட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் தன் சொந்தச் சந்தில் ஒரு முட்டைக் கலக்கிக்குக் கூச்சப்பட்டுத் துணை தேடினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. புதன்கிழமை போவோம் என்றேன். என் கணவர் சனிக்கிழமைதான் போவார், அவர் கண்ணில் படாமல் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. கணக்கு டீச்சர் இல்லையா.

புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனோம். கல்லுக்கு நேரே ஒரு நீளப் பெஞ்சு, முன்னால் ஒரு நீள மேஜை. உள்ளே இன்னும் இரண்டு சின்ன மேஜை, அவ்வளவுதான் கடை. பெஞ்சில் மார்க்கெட் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள், நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தோம்.

கடைக்கார பாய்க்கு அவளைத் தெரியும். அவள் தம்பியோடு ஒன்றாகப் படித்தவராம். பதறிப்போய்விட்டார்.

"அக்கா, நீங்களா! எதுக்குக்கா இம்புட்டுச் சிரமம்? வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தா வீட்டுக்கே குடுத்து விட்ருப்பேன்ல?"

"வீட்டுக்கு வந்தது போதும் தம்பி" என்றாள் அவள். "இன்னைக்கு நானே வந்துட்டேன். ரெண்டு கலக்கி, ரெண்டு கறிதோசை. இங்கதான் சாப்பிடுறோம்."

பாய் தலையைச் சொறிந்தார். கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சரி என்று முட்டையை எடுத்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் பாதிப் பரோட்டாவோடு இலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். நாங்கள் உட்கார்ந்துதான் இருந்தோம். அவருக்கு அடுத்தவர் எழுந்தார். அடுத்தவரும் எழுந்தார். ஒருத்தர் பாக்கியில்லாமல் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்கள். செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாட்டை அணைத்தார். அதுவரைக்கும் சத்தமும் சிரிப்புமாக இருந்த கடை எழவு வீடு மாதிரி அடங்கிவிட்டது. அவ்வளவு நீளப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏண்ணே எந்திரிச்சுட்டீங்க? உக்காந்து சாப்பிடுங்க" என்று நான் குரல் கொடுத்தேன்.

"இருக்கட்டும்மா. பொம்பளைக உக்காந்திருக்கையில ஒட்டி உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் ஒருவர்.

"எங்களுக்கு ஒண்ணும் நட்டமில்லை. எடம் அம்புட்டு இருக்கே."

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

என் சிநேகிதி, சுவரோரம் நின்ற ஒரு பெரிய உருவத்தைப் பார்த்து, "அண்ணே, நீங்களாச்சும் உக்காருங்க, ஆறிப் போயிரும்" என்றாள். அந்த ஆள் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். "டீச்சரம்மா, எம் மகளுக்கு நீங்கதான் சயின்ஸ் எடுத்தீங்க. உங்க முன்னாடி நான் எப்படி உக்கார?" என்றார். சத்தியமாக, அவரை வைவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் புதிதாக வந்தவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். எங்களைக் கண்டதும், "அப்புறமா வாரேண்ணே" என்று திரும்பிவிட்டார்கள். பாய் குனிந்து மெதுவாகச் சொன்னார், "தப்பா எடுத்துக்கிறாதீங்கக்கா. நீங்க இருக்க வரைக்கும் ஒருத்தனும் உள்ள வரமாட்டான். உங்க மேல உள்ள மரியாதைதான். யாவாரம் படுத்துரும்ல, அதான் மொதல்லயே யோசிச்சேன்."

எதிரே நின்று ஒருத்தன் முறைத்திருந்தால், கேலி பேசியிருந்தால், எனக்கு வாய் இருக்கிறது. நானும் நாலு கொடுத்திருப்பேன். மரியாதை கொடுக்கிறவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது? எழுந்து நிற்கிற ஒவ்வொருத்தரும் எங்களை அந்த இடத்தைவிட்டுப் போகச் சொல்லிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் அது அவர்களுக்கே தெரியாது. நல்ல மனிதர்கள். அந்த நல்ல மனிதர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"எந்திரிச்சுருவோமா டீச்சர்?" என்றாள் அவள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அசையாதீங்க" என்றேன்.

கலக்கி வந்தது. கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. ஆவி பறந்தது, தொட்டால் நடுங்கியது. அவள் ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டாள். சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதிக்கொண்டாள். பிறகு மென்றாள். மெல்லுவதற்கு அதில் என்ன இருக்கிறது, அப்படியே உள்ளே போயிருக்கும். என்னைப் பார்த்தாள்.

"இது வேற டீச்சர்" என்றாள். "இது நான் சாப்பிட்டதே இல்ல." பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "மூணு அண்ணன்மார்க. அத்தா. என் வீட்டுக்காரரு. தினம் வந்து இதைத் தின்னுட்டு, ஒருத்தராச்சும் இது இப்படி இருக்கும்னு சொன்னாய்ங்களா? யா அல்லா!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். சுவரோரம் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "தம்பி, இன்னொரு கலக்கி போடுங்க" என்றாள்.

கறிதோசையும் வந்தது. ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. கறி தீய்ந்த மணம் வந்தது. மிளகு நுனி நாக்கில் சுட்டது. இதைச் சாப்பிடத்தான் ஆண்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றால், வரட்டும், நியாயம்தான். எனக்கு மட்டும் இதை இத்தனை நாள் ஏன் காட்டவில்லை?

நான் இரண்டாவது வாய் வைக்கும்போது வாசல் பக்கம் பாய் முகம் மலர்ந்து கூப்பிட்டார். "வாங்க சார், வாங்க. நேத்துக் கேட்டீங்கள்ல, இன்னைக்கு நெஞ்சுக்கறி இருக்கு சார்."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

அன்று புதன்கிழமை. நேற்று என்றால் செவ்வாய். சனிக்கிழமை மட்டும் என்பதெல்லாம் எனக்கு வருகிற பொட்டலத்தின் கணக்குதான் போலிருக்கிறது. மனிதர் தினமும் இங்கே ஆஜர்.

அவர் என்னைப் பார்த்தார். காலியான பெஞ்சைப் பார்த்தார், சுவரோரம் தட்டோடு நிற்கிறவர்களைப் பார்த்தார். நான் அவருடைய மனைவி என்று அங்கே யாருக்கும் தெரியாது. என் சிநேகிதிக்கு மட்டும்தான் தெரியும். அவள் என் முழங்கையை இடித்தாள். பெஞ்சு முழுக்கக் காலிதான், இருந்தாலும் நான் மடியிலிருந்த கைப்பையைச் சிநேகிதி பக்கம் வைத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எனக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டேன்.

அந்தக் கடையில் எனக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய ஒரே ஆண் அவர். அவர் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டால் சுவரோரம் நிற்கிறவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "என் சம்சாரம்தான் பாய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடை பழையபடி சத்தமாகிவிடும், என் சிநேகிதி நிம்மதியாகச் சாப்பிட்டு முடிப்பாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சால்னாச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேடீஸ் இருக்காங்க சார். உள்ள எடம் போடவா?" என்றார் பாய்.

"இல்ல பாய்" என்றார் அவர். "பார்சல். ஒரு கறிதோசை."

கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். என் சிநேகிதி அந்த இரண்டாவது கலக்கியையும் பொறுமையாகச் சாப்பிட்டாள், நான் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் உள்ளே பெஞ்சு நிறைகிற சத்தம் கேட்டது.

பஸ்ஸில் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அவர் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

"ஒனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நான் சாப்பிட்டதைத்தான் பாத்தீங்களே."

ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அங்க எதுக்குப் போன? நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றார்.

"நாலு பேரும் மரியாதையாத்தான் நினைச்சாங்க. எந்திரிச்சே நின்னாங்க. நீங்க சாப்பிடலைல்ல? பசியோட இருப்பீங்க. அதை நீங்களே சாப்பிடுங்க" என்றேன்.

வேறு வழி இல்லை. வீட்டில் அன்று நான் எதுவும் சமைக்கவில்லை. நூலை இழுத்துப் பார்த்தார், வரவில்லை, பல்லால் கடித்து அறுத்தார். இலையைப் பிரித்தார். கறுத்துப்போய் வேர்த்திருந்தது. தோசை நாலாக மடிந்தபடியே இலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சால்னாக் கவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் சூடு பண்ணித் தாயேன்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டைப் பிய்த்தார். பிய்க்க வரவில்லை, இழுத்தார். வாயில் போட்டு வெகு நேரம் மென்றார்.

"என்னப்பா இது, ரப்பரு மாதிரி இருக்கு? பாய் இன்னைக்குச் சரியாப் போடலையா?"

"பாய் நல்லாத்தான் போட்டாரு. கல்லுக்கு நேரா உக்காந்து நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே" என்றேன். "கல்யாணம் பண்ண நாள்ல இருந்து எனக்கு நீங்க கொண்டு வந்தது இதுதாங்க."